குளிர் அறியாத மரம்

1849ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டனுக்கு மேற்கே ஈலிங் பார்க் என்ற மாளிகையின் கண்ணாடி வீட்டுக்குள் ஒரு மரம் பூத்தது. பர்மாவின் சால்வீன் ஆற்றங்கரையைச் சேர்ந்த அந்த மரம் ஐரோப்பாவில் பூத்தது அதுவே முதல் முறை. முதல் பூங்கொத்து விக்டோரியா அரசிக்குப் போனது. அக்காலத் தாவரவியலாளர்கள் ஆவலோடு காத்திருந்து படிக்கும் 'பொட்டானிக்கல் மேகசின்' அதே ஆண்டில் அதன் வண்ணப்படத்தை வெளியிட்டது. வளர்த்தவர் லூயிசா லாரன்ஸ், புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வில்லியம் லாரன்ஸின் மனைவி. இங்கிலாந்தின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவரான ஆறாம் டெவன்ஷயர் கோமகன் தம்முடைய சாட்ஸ்வொர்த் தோட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்த பூ அது.

அந்த மரத்தின் பெயர் ஆம்ஹெர்ஸ்டியா நோபிலிஸ். சொந்த ஊரில் அதற்கு யாரும் கண்ணாடி போர்த்தவில்லை, யாரும் அடுப்பு மூட்டவில்லை. வெயிலும் மழையும் ஆற்று ஈரமும் தாமாகவே கொடுத்தவற்றைக் கொண்டு அது வளர்ந்தது, பூத்தது. அதையே இங்கிலாந்தில் பூக்க வைக்கக் கப்பலும் நிலக்கரியும் இரும்பும் கண்ணாடியும் பல தோட்டக்காரர்களின் உழைப்பும் தேவைப்பட்டன. ஒரு மரத்துக்கு அதன் ஊர் என்னென்ன கொடுக்கிறது என்பதை, அந்த ஊரை விட்டு அதைக் கொண்டுபோன பிறகுதான் மனிதர்கள் ஒவ்வொன்றாகக் கற்றார்கள். அந்தப் பாடங்களின் கதை, பூவின் அழகுக்குச் சற்றும் குறைந்ததன்று.

மடத்துத் தோட்டத்தில் இரண்டு மரங்கள்

முதல் ஆங்கில - பர்மியப் போர் 1826இல் யாண்டபோ உடன்படிக்கையோடு முடிந்தது. பர்மாவின் தென்கிழக்குக் கரையோரம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஜான் கிராஃபர்ட் தலைமையில் தூதுக்குழு ஒன்று அங்கே சென்றது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த நத்தானியேல் வாலிச்சும் அப்பகுதிக் காடுகளை ஆராயப் போனார். டென்மார்க்கில் பிறந்தவர், படிப்பால் மருத்துவர், மனத்தால் தாவரவியலாளர்.

மர்த்தபானுக்கு அருகில், சால்வீன் ஆற்றோரம், பாழடைந்த பௌத்த மடம் ஒன்றின் தோட்டத்தில் இந்த மரங்கள் இரண்டு நின்றன. பெரியது சுமார் 40 அடி உயரம். பக்கத்துக் குகைகளில் இருந்த புத்தர் சிலைகளின் முன் அதன் பூக்கள் கைநிறைய வைக்கப்பட்டிருந்தன. பெயரில்லாத காட்டுமரமாக அன்றி, வழிபாட்டுக்கு உரிய பூமரமாகவே அது அறிவியலின் கண்ணில் பட்டது. கவர்னர் ஜெனரல் ஆம்ஹெர்ஸ்டின் மனைவிக்கும் மகளுக்கும் தாவரங்கள்மீது இருந்த ஈடுபாட்டைப் போற்றும் விதமாக வாலிச் அதற்குப் பெயரிட்டார். ஆசியாவின் அரிய தாவரங்கள் பற்றி அவர் வெளியிட்ட பெருநூலின் முதல் படமே இந்த மரம்தான். அந்த நூலின் படங்கள் பலவற்றை வரைந்தவர் விஷ்ணுபிரசாத் என்ற இந்திய ஓவியர்.

பூவைப் பார்த்தால் வாலிச்சின் பரவசம் புரியும். கிளைகளிலிருந்து முழ நீளத்துக்கும் மேல் சரம் தொங்குகிறது. சரத்தின் அச்சும் சிவப்பு, ஒவ்வொரு பூவின் நீண்ட காம்பும் சிவப்பு. ஒவ்வொரு பூவின் அடியிலும் இரண்டு பெரிய செந்நிறச் செதில்கள் இருபுறமும் விரிந்து நிற்கின்றன. இதழ்கள் ஐந்து. அவற்றுள் மேல் இதழ் மட்டும் அகன்று விசிறியாக விரிகிறது, அதன் நுனியில் அழுத்தமான மஞ்சள் திட்டு. பக்க இதழ்கள் இரண்டும் அதைவிடச் சிறியவை. மீதி இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறுகிப்போனவை. மகரந்தத் தாள்கள் பத்து. ஒன்பது அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்க, ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. பூ வாடச் சில நாள்தான் ஆகும்.

இது நமக்கு அந்நியமான குலமும் இல்லை. அவரைக் குடும்பத்துக்குள் டீட்டேரியாய்டியே என்றொரு துணைக்குடும்பம் உண்டு. ஆம்ஹெர்ஸ்டியா, நம் அசோகு, நம் ஊர்ச் சாலையோரப் புளி ஆகிய மூன்றும் அதில் அடக்கம். புளியமரம் செம்மண் மேட்டிலும் கோடை முழுக்க நிற்கும், வறட்சி அதை ஒன்றும் செய்யாது. அதன் உறவான ஆம்ஹெர்ஸ்டியாவோ ஒரு வாரம் வறண்ட காற்று அடித்தாலே இலை கருகும். ஒரே குலத்தில் பிறந்தும் வாழ்ந்த இடம் மாறியதால் இயல்பு இப்படி மாறியிருக்கிறது.

கடல் கடந்த கன்று

சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசஃப் பாக்ஸ்டன். பின்னாளில் 1851ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக லண்டனில் கண்ணாடி அரண்மனையை வடிவமைத்தவர் இவரே. கோமகனுக்கும் பாக்ஸ்டனுக்கும் ஆம்ஹெர்ஸ்டியா மீது பெரும் ஆசை. 1835இல் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரை, புதிய கவர்னர் ஜெனரல் ஆக்லண்ட் பயணம் செய்த ஜூபிடர் கப்பலிலேயே இந்தியாவுக்கு அனுப்பினார்கள். கிப்சன் காசி மலைகளில் ஆர்க்கிட் செடிகளைச் சேகரித்தார். வாலிச்சிடமிருந்து ஆம்ஹெர்ஸ்டியா கன்றுகள் இரண்டைப் பெற்று 1837இல் இங்கிலாந்து திரும்பினார். ஒன்று கோமகனுக்கு, மற்றொன்று கம்பெனியின் இயக்குநர்களுக்கு. கோமகனுக்கு உரிய கன்று வழியிலேயே இறந்தது. பிழைத்ததைக் கம்பெனி அவருக்கே விட்டுக்கொடுத்தது.

ஒரு கன்றாவது பிழைத்ததே பெரிய காரியம். பாய்மரக் கப்பலில் கல்கத்தாவிலிருந்து லண்டன் போக மாதக்கணக்கில் ஆகும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகும் வழியில் வெயிலும் குளிரும் உப்புச் சாரலும் மாறிமாறித் தாக்கும். குடிநீர் அளந்து கொடுக்கப்படும் கப்பலில் செடிகளுக்கு ஊற்ற யார் தருவார்கள்?

இதற்கு விடை சொன்னவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு என்ற லண்டன் மருத்துவர். பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் வைத்திருந்தார். அதற்குள் பெரணியும் புல்லும் தாமாக முளைத்ததை 1829 வாக்கில் கவனித்தார். பகலில் இலைகள் விடும் நீராவி கண்ணாடியில் துளியாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குகிறது. ஊற்றிய நீர் வெளியே போவதே இல்லை. 1833இல் இப்படி மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து சிட்னிக்கு அனுப்பினார், செடிகள் பிழைத்தன. கண்ணாடியால் ஒளி உள்ளே வரும், உப்புச் சாரல் வராது, ஈரம் வெளியேறாது. அந்தப் பெட்டிகள்தான் கிப்சனின் சேகரிப்புக்கும் துணை நின்றன. ஒரு மரக்கன்றுக்குத் தேவையான காற்றின் ஈரத்தை முதல்முறையாக மூட்டை கட்டிக் கடல் கடத்த முடிந்தது.

குளிர் எப்படிக் கொல்கிறது?

கன்று வந்து சேர்ந்த பிறகு முதல் எதிரி குளிர். நீர் உறைந்தால் செடி சாகும் என்பது எளிதில் விளங்குகிறது. செல்களுக்குள் பனிப்படிகம் உருவானால் சவ்வுகள் கிழியும். ஆனால் வெப்பமண்டல மரங்கள் பல, நீர் உறைவதற்கு வெகுமுன்பே, 10 அல்லது 12 டிகிரி செல்சியஸிலேயே துன்பப்படுகின்றன. அந்தக் குளிரில் உறைபனி எதுவும் இல்லையே, பின் எதனால்?

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. உயிருள்ள செல்லுக்கு அந்தக் கொழுப்பு இளகி நெகிழ்ந்திருக்க வேண்டும். நம் வீட்டு அடுக்களையிலேயே இதன் சாயலைக் காணலாம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துபோகிறது, அருகில் இருக்கும் நல்லெண்ணெய் அப்படியே வழிந்தோடுகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம், நல்லெண்ணெயில் நிறைவுறாதது அதிகம். தாவரச் சவ்வுகளிலும் இதே வேறுபாடு உண்டு. குளிர்நாட்டுச் செடிகள் நிறைவுறாத கொழுப்பைக் கூட்டிக்கொண்டு குளிரிலும் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்கின்றன. குளிரையே காணாத மரங்களில் அந்த ஏற்பாடு குறைவு. அவற்றின் சவ்வுகள் சற்றுக் குளிர்ந்ததுமே இறுகத் தொடங்கும். இறுகிய சவ்வில் கசிவு உண்டாகும். உள்ளிருக்கும் உப்புகள் வெளியேறும், சவ்வில் பதிந்திருக்கும் நொதிகளின் வேலை தடுமாறும்.

1970இல் ஜேம்ஸ் லயன்ஸும் ஜான் ரைசனும் இதைச் சோதித்தார்கள். குளிர் தாங்காத சர்க்கரைவள்ளி, தக்காளி, வெள்ளரி ஆகியவற்றின் செல்களில் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து வெப்பத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 9 முதல் 12 டிகிரிக்குள் அவற்றின் செயல்வேகம் திடீரென்று சரிந்தது. குளிர் தாங்கும் உருளைக்கிழங்கு, பீட்ரூட், காலிஃபிளவர் ஆகியவற்றில் அந்தச் சரிவு இல்லை. 1992இல் ஜப்பானின் நோரியோ முராட்டா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். சவ்வுக் கொழுப்பின் நிறைவுத்தன்மையைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்றைப் புகையிலைச் செடியில் புகுத்தினார்கள். குளிர் தாங்காத பூசணி வகையின் மரபணுவைப் பெற்ற புகையிலை குளிரில் எளிதில் வாடியது. குளிர் தாங்கும் அராபிடாப்சிஸ் செடியின் மரபணுவைப் பெற்றது முன்னைவிட நன்றாகத் தாங்கியது. வாழைப்பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுத்துப்போவதும் இதே குளிர்ப் பாதிப்புதான்.

குளிரோடு வெயிலும் சேர்ந்தால் கேடு பெருகும். பனிக்காலக் காலையில் வானம் தெளிந்து ஒளி கொட்டும். இலையின் பச்சையம் ஒளியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஆற்றலைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் குளிரில் மெதுவாகத்தான் இயங்கும். செலவாகாத ஆற்றல், செல்லைச் சிதைக்கும் வகை ஆக்சிஜனை உண்டாக்கி இலையை வெளுக்கச் செய்கிறது. குளிர்ந்த இரவுக்குப் பின் வரும் பளீரென்ற காலை, தோட்டக்காரருக்கு இனிமையாகத் தோன்றலாம். மரத்துக்கு அது இரட்டைச் சோதனை.

சூடும் ஒளியும்

ஆக, சூடு வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் பாக்ஸ்டன் 1836இல் தொடங்கி 1840 வாக்கில் கட்டி முடித்த பெரிய கண்ணாடி வீடு, 277 அடி நீளமும் 123 அடி அகலமும் 67 அடி உயரமும் கொண்டது. தரைக்கு அடியில் எட்டுக் கொதிகலன்கள் இருந்தன. அவற்றிலிருந்து ஏழு மைல் நீளக் குழாய்களில் வெந்நீர் ஓடியது. நிலக்கரி கொண்டுவரச் சுரங்கப்பாதையில் தண்டவாளம் போட்டிருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் சுவருக்குள் புகை செல்லும் வழி வைத்துச் சூடாக்குவார்கள். அது காற்றை வறட்டும், புகையும் கசியும். வெந்நீர்க் குழாயின் சூடு மென்மையானது, சீரானது.

கண்ணாடி எப்படிச் சூட்டைக் காக்கிறது? சூரிய ஒளி உள்ளே வரும், உள்ளிருந்து கிளம்பும் வெப்பக்கதிரைக் கண்ணாடி வெளியே விடாது என்பதுதான் நாம் பள்ளியில் படித்த விளக்கம். 1909இல் அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட் இதை நேரடியாகச் சோதித்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக்கதிரைத் தடுக்காமல் விடும் இந்துப்புப் படிகத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 55 டிகிரி வரை, சூடேறின. சூடான காற்று மேலே எழுந்து வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்பதுதான் கண்ணாடி வீட்டின் சூட்டுக்கு முதன்மைக் காரணம் என்று அவர் காட்டினார். கூரையில் சிறு திறப்பு வைத்தாலே உள்ளே வெப்பம் சட்டென இறங்குவதன் காரணம் இதுவே. கண்ணாடி வீட்டுக்காரரின் கையில் உள்ள முக்கியக் கருவி, அந்தக் கூரைச் சாளரத்தின் கயிறு.

சூட்டை நிலக்கரியால் வாங்கலாம். ஒளியை அந்நாளில் எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. டிசம்பரில் லண்டனின் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நாளில் ஆம்ஹெர்ஸ்டியாவின் ஊரில் பகல் பதினோரு மணி நேரம், நண்பகல் சூரியன் 50 டிகிரி உயரத்தில். லண்டனின் பனிமூட்டத்தையும் நிலக்கரிப் புகையையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் சூடே பகையாகிறது. இலை ஒளியில் சர்க்கரை செய்கிறது. உயிரோடிருப்பதற்காக இரவும் பகலும் சுவாசித்து அதைச் செலவழிக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசம் ஏறத்தாழ இருமடங்காகும். வரவு ஒளியைப் பொறுத்தது, செலவு வெப்பத்தைப் பொறுத்தது. மங்கலான குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டை இரவிலும் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினால், மரம் சேமித்ததையெல்லாம் எரித்துத் தீர்த்துவிடும். இலை பச்சையாகவே இருந்தாலும் பூக்கும் வலு இருக்காது. மரத்தின் சர்க்கரை முதலில் உயிர் காக்கப் போகிறது, பிறகு இலைக்கும் வேருக்கும் போகிறது, மிஞ்சினால்தான் பூவுக்கு. அதனால்தான் தேர்ந்த தோட்டக்காரர்கள் ஒளி குறைந்த மாதங்களில், மரம் தாங்கும் எல்லைக்குள், வெப்பத்தையும் சற்றே குறைத்து வைக்கிறார்கள். உரத்தையும் நீரையும் அதற்கேற்பச் சுருக்குகிறார்கள். வெப்பம், ஒளி, நீர் மூன்றும் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்றாக இறங்க வேண்டும்.

காற்றின் தாகம்

சூட்டோடு வரும் இன்னொரு சிக்கல் காற்றின் வறட்சி. வெளியே 5 டிகிரியில் நீராவி நிறைந்து நிற்கும் காற்றை உள்ளே கொண்டுவந்து 25 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்திலிருந்து சுமார் 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கும் நீர் குறையவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. அந்தக் காற்று தனக்கு வேண்டிய நீரை இலைகளிலிருந்து உறிஞ்சும். குளிருக்குப் பயந்து மூட்டிய நெருப்பே பாலைக் காற்றை உண்டாக்கிவிடுகிறது. கண்ணாடி வீட்டுத் தரையிலும் நடைபாதையிலும் தினமும் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இதற்காக வந்ததுதான். ஆம்ஹெர்ஸ்டியாவின் ஊரருகே உள்ள மௌல்மேனில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அந்த ஈரத்தில் பழகிய இலைக்கு நீரைப் பூட்டிவைக்கும் தடித்த தோல் தேவைப்பட்டதே இல்லை.

வேருக்கும் தனிக் கவனம் வேண்டும். ஜெர்மன் தாவரவியலர் ஜூலியஸ் சாக்ஸ் 1860களிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார். புகையிலையும் பூசணியும் வளர்ந்த தொட்டியின் மண் குளிர்ந்ததும், மண்ணில் ஈரம் நிறைய இருந்தும் இலைகள் வாடின. குளிர்ந்த வேரால் நீரை உறிஞ்ச முடியவில்லை. மண்ணைச் சூடாக்கியதும் இலைகள் நிமிர்ந்தன. பழைய தோட்டக்காரர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனை அடுத்த ரிச்மண்டில் அன்னாசி விளைவித்தபோது, தோல் பதனிட்டு மீந்த ஓக் மரப்பட்டையைக் குழியில் நிரப்பி, அது நொதிக்கும் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தார்கள். இலைக்கு மேலே வீசும் காற்றைவிட வேரைச் சுற்றிய மண்ணின் சூடுதான் பல வேளைகளில் மரத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

தொங்கும் தளிர்கள்

இந்த மரத்தைப் புதிதாக வளர்ப்பவரைக் கலங்கடிப்பது அதன் தளிர். மொட்டு வெடித்ததும் முழு இலையும் ஒரே வீச்சில் வெளிவந்து, செம்பழுப்பு நிறத்தில், எலும்பே இல்லாததுபோல் தளர்ந்து தொங்கும். நம் அசோகு தளிர்ப்பதும் இப்படித்தான். தண்ணீர் போதாமல் வாடுகிறது என்று எண்ணிப் பலர் மேலும் மேலும் ஊற்றி வேரை அழுகவிடுவார்கள். ஆனால் அது வாடல் இல்லை. சில நாள் பொறுத்தால் இலை மெல்ல விறைத்து, நிமிர்ந்து, பச்சையாகும்.

மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு. பனாமாவின் காடுகளில் ஃபிலிஸ் கோலியும் தாமஸ் கர்சரும் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். வெப்பமண்டல இலை பூச்சிகளுக்கு இரையாவது பெரும்பாலும் அது இளசாக இருக்கும் சில வாரங்களில்தான். முற்றி இறுகிய இலையைக் கடிப்பது கடினம். எனவே மரம், இலை முழு அளவுக்கு வளர்ந்து உறுதிப்படும்வரை விலையுயர்ந்த பச்சையத்தையும் நைட்ரஜனையும் அதில் இடாமல் தள்ளிப்போடுகிறது. இந்தக் கட்டத்தில் பூச்சி தின்றாலும் இழப்பு குறைவு. செந்நிறப் பொருளும் செங்குத்தாகத் தொங்கும் நிலையும் கடும் வெயிலிலிருந்து இளந்திசுவைக் காக்க உதவக்கூடும். தளிர் தொங்கும் அந்த நாட்களில் காற்று வறண்டால் இலை ஓரம் கருகி, வாழ்நாள் முழுதும் அந்தக் காயத்தோடு நிற்கும். அப்போது தேவை வேருக்குக் கூடுதல் நீரன்று, இலையைச் சுற்றிய காற்றில் ஈரம்.

நம் தோட்டத்தில் வளருமா?

இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ஆம்ஹெர்ஸ்டியா திறந்தவெளியில் பூக்கிறது. பூங்கா சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மகாவலி கங்கை அதை மூன்று புறமும் வளைத்து ஓடுகிறது. உறைபனி இல்லை, காற்றில் ஈரம் உண்டு, மழையும் தவறுவதில்லை. தாவர ஓவியர் மேரியன் நார்த் சிங்கப்பூரில் இதன் பூவையும் இலையையும் வரைந்தார். அந்த ஓவியம் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் அவர் பெயரிலுள்ள கூடத்தில் இருக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் இதற்குக் கண்ணாடியே தேவையில்லை.

தமிழ்நாட்டின் சமவெளியில் நிலைமை வேறு. இங்கே சூட்டுக்குப் பஞ்சமில்லை, காற்றின் தாகம்தான் தடை. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றோடு, 35 டிகிரியில் 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை ஒப்பிட்டால், இரண்டாவது காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகம் ஏறத்தாழ ஆறு மடங்கு. கோடையில் மேற்கிலிருந்து வீசும் அனல் காற்றில் ஆம்ஹெர்ஸ்டியா கன்று ஒரு மதியத்திலேயே கருகலாம். கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரம், குற்றாலம் போன்ற ஈரமான இடங்கள் இதற்கு ஏற்றவை. மற்ற ஊர்களில் முயல்வோர், லண்டன்காரர் குளிரைத் தடுத்ததுபோல் வறட்சியைத் தடுக்க வேண்டும்.

இடத்தைத் தேர்வதுதான் முக்கால் வேலை. பெரிய மரங்களின் சிதறிய நிழலும், காற்றுக்கு மறைப்பும், அருகில் குளமோ வாய்க்காலோ இருந்தால் நல்லது. மண் ஆழமாக, மட்கு நிறைந்து, ஈரம் தங்குவதாக இருக்க வேண்டும், ஆனால் நீர் தேங்கக் கூடாது. மரத்தடியில் சருகையும் தென்னை மட்டையையும் கனமாக மூடாக்குப் போட்டால் வேர் சூடேறாது, ஈரமும் காயாது. முதல் சில ஆண்டுகள் நிழல்வலை அவசியம். கோடை மதியத்தில் இலைமீதும் சுற்றுத் தரையிலும் நீர் தெளித்தால் காற்றின் தாகம் தணியும்.

கன்று கிடைப்பதுதான் அரிது, ஏனென்றால் இம்மரத்தில் காய் பிடிப்பதே குறைவு. எனவே விண்பதியம்தான் வழக்கமான வழி. மழைக்காலத்தில், பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரமான தென்னை நார்க்கழிவை அங்கே வைத்து, பாலிதீன் தாளால் இறுகக் கட்ட வேண்டும். பட்டையை நீக்கியதால் இலையிலிருந்து கீழே இறங்கும் சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளும் வெட்டுக்கு மேலே தேங்குகின்றன. உள்ளே உள்ள கட்டை வழியாக நீர் மேலே ஏறுவது மட்டும் தடைப்படுவதில்லை. உணவும் நீரும் வேர்விடத் தூண்டும் பொருளும் ஒரே இடத்தில் கூடுவதால் அங்கே வேர் பிறக்கிறது. தாய்மரத்தோடு இருக்கும்போதே வேர்விட்டுப் பிறகு பிரியும் அந்தக் கன்று, விதைக்கன்றைவிட விரைவில் பூக்கும்.

கண்ணாடிக்குள் அடங்காதது

சாட்ஸ்வொர்த்தின் பெரிய கண்ணாடி வீடு இன்று இல்லை. முதல் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை, தோட்டக்காரர்கள் போருக்குப் போனார்கள். உள்ளிருந்த வெப்பமண்டலச் செடிகள் குளிரில் மடிந்தன. 1920இல் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எட்டுக் கொதிகலன்கள் எண்பது ஆண்டுகளாகக் காத்த காலநிலை, எரிபொருள் நின்றதும் முடிந்துபோனது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. உலகின் பல தோட்டங்களில் ஆம்ஹெர்ஸ்டியா நிற்கிறது, ஆனால் அதன் சொந்தக் காட்டில் அது மிக மிக அரிது. இயற்கையாக வளர்ந்த மரங்களிலிருந்து தாவரவியலர்கள் மாதிரி எடுத்ததே சில முறைதான். பதியத்தால் பெருகும் கன்று தாய்மரத்தின் நகல். விதை குறைவாக உள்ள இனத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் பதியன்களையே பரப்பிக்கொண்டு போனால், மரங்களின் எண்ணிக்கை கூடினாலும் மரபுச் செல்வம் கூடாது. புதிய நோயோ புதிய வெப்பநிலையோ வந்தால் எதிர்கொள்ளும் பல்வகைமை, விதையிலிருந்து முளைத்துப் போட்டியிட்டு வளர்ந்த காட்டு மரங்களிடம்தான் இருக்கும்.

வெப்பமண்டல மரத்தை வளர்ப்பது மிக நல்ல காரியம் என்று நம்புகிறேன். வளர்ப்பவர் காற்றின் ஈரத்தையும் மண்ணின் சூட்டையும் ஒளியின் கோணத்தையும் கவனிக்கப் பழகுகிறார். சவ்வின் கொழுப்பு முதல் பருவமழை வரை எல்லாம் ஒரு பூவுக்குள் சேர்ந்திருப்பதை உணர்கிறார். அப்படி உணர்ந்தவர்கள் தோட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. தாவரவியல் தோட்டங்கள் தாங்கள் வைத்திருக்கும் மரம் எந்தத் தாயிலிருந்து வந்தது என்று பதிந்து வைக்க வேண்டும், வெவ்வேறு வழியில் வந்த மரங்களிடையே மகரந்தம் பரிமாறி விதை எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சால்வீன் ஓரக் காடுகளில் எஞ்சிய மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வழி வேண்டும். கொதிகலனும் குழாயும் தெளிப்பானும் வைத்து நாம் கூலி கொடுத்துச் செய்யும் அத்தனை வேலையையும் அந்தக் காடு கூலி கேட்காமல் செய்துகொண்டிருக்கிறது. அதைக் காப்பதுதான் இந்த மரத்தை வளர்க்கும் மிக மலிவான, மிக உறுதியான முறை.